நான்கு அங்குலம்

எழுபது வயதைக் கடந்த பின்னர் குதிரைப் படை ஒன்றை நடத்தக் கற்றுக்கொள்வோம் என்று எவரேனும் நம்மிடம் முன்பே கூறியிருந்தால் நகைத்திருப்போம். ஆயினும் அது நிகழ்ந்தது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் வாழும் நம் மகனின் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தபோது, பன்னிரண்டு வயதுப் பேரனே நமக்கு ஆசானாக அமைந்தான்.

மழை ஓயாத மாலைகளில் அவன் உணவு மேசையைத் துடைத்து, நான்கு அடிச் சதுரமாகப் பச்சைத் துணி ஒன்றை விரிப்பான். அதன்மேல் அட்டைக் குன்றுகளும் சிறு மரங்களும் எழும். பின்னர் ஏறத்தாழ ஓர் அங்குல உயரமுள்ள வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து வைப்பான். நெகிழியால் ஆன அவ்வுருவங்களைத் தானே ஒட்டி, மெல்லிய தூரிகையால் தானே வண்ணம் தீட்டியிருந்தான். "தாத்தா, நீங்கள் புதியவர். குதிரைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையுடன் பதினெட்டுக் குதிரை வீரர்களை நம்மிடம் ஒப்படைத்தான். தனக்கு அதைப்போல் இரு மடங்கு காலாட்களை வைத்துக்கொண்டான்.

போரை விளையாட்டாக்குவது கிறிஸ்தவ இல்லத்திற்குத் தகுமா என்ற ஐயம் நம் உள்ளத்தில் எழாமலில்லை. ஆனால் யானை, குதிரை, தேர், காலாள் எனப் படை வகுத்துச் சதுரங்கம் ஆடியவர்கள் நம் நாட்டு முன்னோர். எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1913-ஆம் ஆண்டில் பொம்மைப் போர்வீரர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு நூல் வெளியிட்டார். உண்மைப் போர் எத்துணை அறிவற்றது என்பதை இவ்விளையாட்டே உணர்த்தும் என்பது அவர் கருத்து. அதற்கு மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

அப்போரில் 1916-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சோம் களத்தில் நின்றவர் டோல்கீன். அவருடைய தாய் 1900-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார், அதனால் உறவினரின் ஆதரவை இழந்தார், 1904-இல் இறந்தார். அநாதையான சிறுவனைப் பர்மிங்காம் நகரின் குரு ஒருவர் பொறுப்பேற்று வளர்த்தார். டோல்கீன் இறுதிவரை விசுவாசத்தில் நிலைத்திருந்தார். 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் பெருங்கதையில் ரோகான் நாட்டுக் குதிரை வீரர்கள் வருகின்றனர். அக்கதையைக் கொண்டு நாட்டிங்காம் நகரத்து நிறுவனம் ஒன்று 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட விளையாட்டையே பேரன் நமக்குக் கற்பித்தான். நம்மிடம் இருந்தவர்கள் அந்த ரோகான் வீரர்களே.

விதிகளில் சிலவற்றைக் கூறுவோம். ஒரு முறைக்குக் காலாள் ஆறு அங்குலம் நடக்கலாம். குதிரை பத்து அங்குலம் ஓடலாம். பாய்ந்து தாக்கும் குதிரை வீரனுக்கு ஓர் அடி கூடுதலாக உண்டு. அவன் வென்றால் எதிரே நிற்கும் காலாள் தரையில் வீழ்வான். வீழ்ந்தவன்மேல் அடிகள் இரு மடங்காகும். ஆனால் இந்நன்மைகள் யாவும் பாயும் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. பாய்ந்த பின் சிக்கிக்கொண்டு நின்றால் குதிரை வீரனுக்கு அவை இல்லை. காட்டுக்குள் புகுந்தால் வேகம் குறையும். படையில் பாதிக்குமேல் மாண்டால், எஞ்சியோர் ஒவ்வொருவரும் பகடை உருட்டித் துணிவைச் சோதிக்க வேண்டும். சோதனையில் தவறியவர் களத்தை விட்டு ஓடுவர்.

முதல் ஆட்டத்தில் நாம் செய்தது யாது? வேகம் கையிலிருக்கக் காத்திருப்பானேன் என்று எண்ணி எல்லாக் குதிரைகளையும் ஒருங்கே விரட்டினோம். சில மரங்களிடையே தயங்கின. சில முந்திச் சென்றன. முந்தியவை, கேடயம் தாங்கிய வரிசையின்மீது தனித்தனியே போய் மோதின. அவ்வரிசைக்குப் பின்னே ஈட்டிக்காரர்கள் நின்றனர். மோதிய குதிரைகளைச் சுற்றி வளைத்தனர். பின்வாங்க இடமில்லாதவனுக்கும் இரு மடங்கு அடி விழும் என்பதை அப்போதுதான் அறிந்தோம். அரை மணி நேரத்தில் நம் படை பாதியாயிற்று. இரண்டாம் ஆட்டமும் அவ்வாறே முடிந்தது.

அப்போது சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த மகன், திரும்பிப் பாராமலே சொன்னான்: "அப்பா, குதிரைக்குப் பாய மட்டுமல்ல, விலகி நிற்கவும் தெரியும். ஆறு அங்குலத்துக்கு அப்பால், பத்து அங்குலத்துக்குள் நில்லுங்கள். அவர்களால் உங்களைத் தொட முடியாது. எப்போது தொடுவது என்பது உங்கள் விருப்பம்."

சாதாரணமான சொற்கள்தாம். ஆயினும் அவை நம்மைத் தைத்தன. 2010-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, பொறியியல் வேலையை விட்டுச் செவிலியர் பயிற்சிக்குச் செல்லப்போவதாக அவன் நம்மிடம் வந்து கூறினான். உறவினர் பலர் கூடியிருந்த வேளை. அவன் கூறி முடிக்குமுன் நாம் பாய்ந்தோம். ஒரு தந்தை சொல்லத்தகாதவற்றைச் சொன்னோம். பின்வாங்க அவனுக்கும் இடமில்லை, நமக்கும் இடமில்லை. நான்கு ஆண்டுகள் அவன் நம்மோடு பேசவில்லை. பின்னர் பேசியபோதும் "உடல்நலம் எப்படி, அப்பா?" என்பதோடு நின்றது. இப்போது அவன் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியனாகப் பணியாற்றுகிறான்.

புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்று அன்றிரவு நினைவுக்கு வந்தது. 1522-ஆம் ஆண்டு மோன்செராத் திருத்தலத்துக்குப் போகும் வழியில், தேவ அன்னையைப் பற்றித் தகாத கருத்தைக் கூறிய ஒருவனைத் தொடர்ந்து சென்று கத்தியால் குத்தலாமா என்று அவர் உள்ளம் கொதித்தது. முடிவு செய்ய இயலாமல், தாம் ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தினார். அது அவன் சென்ற வழியை விட்டு வேறு வழியில் நடந்தது. ஒரு கொலை நிகழாமல் போயிற்று. அன்று நம் கடிவாளத்தை நாம் தளர்த்தவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

மூன்றாம் ஆட்டத்தில் படையை இரண்டாகப் பிரித்தோம். ஐந்து அங்குலம் நகர்ந்து அம்பு எய்வோம். எதிரி நெருங்கினால் விலகுவோம். பேரனின் வரிசை நம்மைத் துரத்தி நீண்டது, நீண்டதால் மெலிந்தது. ஆறாம் முறையில், வரிசையின் ஒரு முனைமீது எல்லாக் குதிரைகளும் ஒருங்கே பாய்ந்தன. அன்று வென்றோமா என்றால் இல்லை, மயிரிழையில் தோற்றோம். "தாத்தா, இன்றுதான் நீங்கள் நன்றாக ஆடினீர்கள்" என்று பேரன் கை குலுக்கினான்.

இரவு ஜெபம் முடிந்து சிறுவன் உறங்கச் சென்றான். மகன் குதிரைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். பழைய வழக்கப்படி ஏதேனும் அறிவுரையோடு தொடங்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். சிறிது நேரம் சென்றபின் அவனே பேசினான். அவ்வாரம் இல்லத்தில் ஒரு முதியவர் இறந்ததாகவும், அவருக்கு உறவினர் எவரும் இல்லாததால் இறுதிவரை தானே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாகவும் கூறினான். குறுக்கிடாமல் கேட்டோம். அவன் முடித்த பிறகு, 2010-இல் நம் வாயினின்று வந்தவை தவறு என்று கூறி மன்னிப்புக் கேட்டோம்.

அவன் உடனே மறுமொழி கூறவில்லை. கடைசிக் குதிரையைப் பஞ்சுக்குள் வைத்து மூடினான். பின்னர், "சரி, அப்பா. காப்பி போடட்டுமா?" என்றான். இருவரும் நள்ளிரவு கடந்தும் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்பு வாசகர்களே! பிள்ளை ஒன்று சொல்ல வரும்போது, கேட்பதற்கும் பதிலுரைப்பதற்கும் இடையே இறைவன் ஒரு சிறு வெளியை நமக்கு அருளியிருக்கிறார். அது நான்கு அங்குலமே இருக்கலாம். அவ்விடத்தில் சற்று நின்று கேளுங்கள். அதற்கு நமக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. உங்களுக்கு அத்துணைக் காலம் வேண்டாம்.