சக்கரம் வைத்த தட்டி

“பாட்டி, அந்த போர்டைப் பாருங்க! ‘எஸ்’ எழுத்து தீர்ந்துபோய் அஞ்சு நம்பரை வெச்சிருக்காங்க!”

பின்சீட்டிலிருந்து பேத்தி கூவியதும் திரும்பிப் பார்த்தேன். சாலையோரப் புல்தரையில் ஒரு மஞ்சள் பலகை நின்றுகொண்டிருந்தது. உச்சியில் பெரிய அம்புக்குறி, அதைச் சுற்றி வரிசையாக பல்புகள். அடியில் இரண்டு சக்கரங்கள். முன்னால், வண்டியில் மாட்டி இழுப்பதற்கு ஒரு கொக்கி. டயர் கடைத் தள்ளுபடி விளம்பரம். ‘சேல்’ என்ற சொல்லின் முதல் எழுத்துதான் அந்த அஞ்சு.

மார்ச் கடைசி வாரம். டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் மகன் வீட்டுக்கு நான் வந்து ஒரு மாதமாகியிருந்தது. இந்தப் பருவத்தில் புளூபானட் என்ற நீலப் பூ சாலையோரமெல்லாம் பூத்துக் கிடக்கும். அதைப் பார்க்க பர்னெட் என்ற ஊர்ப் பக்கம் கிளம்பியிருந்தோம். பூ பார்க்கப் போனவளுக்கு போர்டு மேல் ஏன் கண் போனது என்கிறீர்களா? நான் ஒரு போர்டை நம்பி வளர்ந்தவள்.

அப்பாவின் கரும்பலகை

எங்கள் ஊரில் அப்பா சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான். ஆனால் கடை இருந்தது சந்துக்குள். ரோட்டில் போகிறவர்களுக்கு அங்கே ஒரு கடை இருப்பதே தெரியாது. அதனால் சந்து முனையில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைப்பார். விடியற்காலையில் குளித்து, விபூதி பூசி, சாக்பீஸை எடுத்து ‘இன்று: இட்லி, பொங்கல், ரவா தோசை’ என்று அச்சு மாதிரி எழுதுவார். பஸ் ஏற வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள்.

ஒருநாள் ஆக்கிரமிப்பு அகற்ற லாரி வந்தது. பலகையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா அலைந்து, அபராதம் கட்டி மீட்டு வந்தபோது சட்டம் உடைந்திருந்தது. அதே தெருவில் ஒரு நகைக்கடை நடைபாதையில் இரும்புக் குழாய் நட்டு வைத்திருந்த பெரிய போர்டை மட்டும் யாரும் தொடவில்லை.

அன்று ராத்திரி அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “எடுத்தது தப்பில்லைம்மா. ஜனங்க நடக்கிற இடத்துல வெச்சது நான்தான். ஆனா அளவுகோல் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்.”

பூவுக்குப் பின்னால் ஒரு சட்டம்

பர்னெட்டை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் நீலம். நடுநடுவே ஆரஞ்சு நிறப் பூக்கள். குழந்தைகளைப் பூவுக்கு நடுவே உட்கார வைத்துப் படம் எடுப்பது இங்கே ஒரு சடங்கு மாதிரி. நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

“இந்தப் பூவுக்கும் நீ பார்த்த போர்டுக்கும் சம்பந்தம் இருக்கும்மா” என்றான் மகன்.

1960-களில் அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் டெக்சஸ்காரர். அவர் மனைவி லேடி பேர்ட் ஜான்சனும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். நெடுஞ்சாலையோரம் விளம்பரப் பலகைகளும் பழைய இரும்புக் குவியல்களும் கண்ணை உறுத்துகின்றன, அங்கே செடியும் மரமும் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா விடாமல் பேசினார். அதன் பலனாக 1965 அக்டோபரில் நெடுஞ்சாலை அழகுச் சட்டம் வந்தது. முக்கிய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் 660 அடிக்குள் விளம்பரப் பலகைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1982-இல் அவர் ஆஸ்டினில் தொடங்கிய காட்டுப்பூ மையம் இன்றும் இருக்கிறது. ஊர் நடுவே இருக்கும் ஏரிக்கும் அவர் பெயர்தான்.

வெர்மான்ட், மெயின், ஹவாய், அலாஸ்கா ஆகிய நான்கு மாநிலங்கள் சாலையோரப் பெரிய விளம்பரப் பலகைகளே வேண்டாம் என்று தடை செய்துவிட்டன. டெக்சஸ் அப்படிச் செய்யவில்லை. ஆஸ்டின் வழியாகப் போகும் ஐ-35 நெடுஞ்சாலையில் வக்கீல், பல் டாக்டர், பெட்ரோல் பங்க் என்று விளம்பரங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன.

அவையெல்லாம் பெரிய கைகளின் சமாச்சாரம். சின்னக் கடைக்காரருக்கு வாய்த்தது இந்தச் சக்கரம் வைத்த போர்டு. வாடகைக்குக் கிடைக்கும். வண்டியில் இழுத்து வந்து நிறுத்திவிட்டுப் போவார்கள். பெட்டி நிறைய பிளாஸ்டிக் எழுத்துகள் இருக்கும். தண்டவாளம் மாதிரி இருக்கும் காடிகளில் அவற்றைச் செருகிக்கொள்ள வேண்டியதுதான். எழுத்து தீர்ந்தால் பேத்தி பார்த்த மாதிரி அஞ்சும் கைகொடுக்கும்.

எனக்கு நம்மூர் சினிமா வண்டி ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் தட்டி கட்டி, போஸ்டர் ஒட்டி, நோட்டீஸ் வீசிக்கொண்டே போகுமே, அதேதான். என்ன ஒன்று, நம் வண்டி போய்க்கொண்டே இருக்கும். இது வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கதவில் ஒட்டிய காகிதம்

திரும்பும் வழியில், ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் காபிக்கு நிறுத்தினோம். மகனுக்குத் தெரிந்த மதுரைக்காரத் தம்பதி அங்கே இட்லி தோசைக் கடை தொடங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வரிசையாகப் பத்துப் பதினைந்து கடைகள் உள்ள வளாகம். இவர்கள் கடை உள்மூலையில். ரோட்டிலிருந்து பார்த்தால் மருந்துக்கடைதான் தெரியும்.

‘அட, நம்ம சந்து’ என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டோரப் புல்தரையில் அவர்களும் ஒரு மஞ்சள் போர்டை நிறுத்தியிருந்தார்கள். ‘சூடான தோசை’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அம்புக்குறி கடையைக் காட்டியது. ஆனால் உள்ளே போனால் இரண்டு பேர் முகத்திலும் களை இல்லை. நகர நிர்வாகத்திலிருந்து காலையில் ஒருவர் வந்து கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பத்து நாளில் போர்டை எடுக்காவிட்டால் அபராதம்.

“இந்த போர்டு வந்த பிறகுதான் அம்மா மத்தியானம் நாலு வெள்ளைக்காரங்க உள்ளே வர ஆரம்பிச்சாங்க. இதையும் எடுத்துட்டா வாடகை எப்படிக் கட்டுறதுன்னு தெரியலை” என்றார் அந்தத் தம்பி. அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. டம்ளரை மேஜையில் வைத்தபோது கை லேசாக நடுங்கியது.

ரோட்டின் எதிர்ப்பக்கம், வருமானவரிக் கணக்கு போட்டுத் தரும் கடைக்காக ஒரு பையன் சுதந்திரதேவி சிலை மாதிரி பச்சை அங்கியும் கிரீடமும் போட்டுக்கொண்டு, கையில் அம்புக்குறி அட்டையைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தான். ஏப்ரல் 15-க்குள் வரிக்கணக்கு கொடுக்க வேண்டும் என்பதால் இப்போது அவர்களுக்கு சீசன். நம் நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் கொடியசைத்து விசிலடித்துக் கார்களைக் கூப்பிடுவார்களே, அவர்களுக்கு இவன் தம்பி.

“அவனுக்கு மட்டும் நோட்டீஸ் கிடையாதா?” என்று கேட்டார் கடைக்காரத் தம்பி.

எனக்கு அப்பாவின் குரல் கேட்டது.

வார்த்தையைப் படிக்காத அளவுகோல்

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சுதான். மகன் ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னான்.

அரிசோனா மாநிலத்தில் கில்பர்ட் என்று ஓர் ஊர். அங்கே சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சின்னத் தேவாலயம். வழிபாடு ஒரு வாரம் ஓரிடம், இன்னொரு வாரம் வேறிடம். அதனால் வழிகாட்ட சின்ன போர்டுகள் வைப்பார்கள். அந்த ஊர் விதிப்படி இப்படி வழிகாட்டும் போர்டு 6 சதுர அடிக்கு மேல் இருக்கக் கூடாது. நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்னால் வைத்து, முடிந்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அரசியல் போர்டு என்றால் 32 சதுர அடி வரை வைக்கலாம், நாள் கணக்கும் தாராளம்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-இல் ஒன்பது நீதிபதிகளும் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து ஒருவருக்கு ஒரு சட்டம், இன்னொருவருக்கு வேறு சட்டம் என்று வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அளவு, உயரம், நிறுத்தும் இடம், விளக்கு, இவற்றையெல்லாம் கட்டுப்படுத்த நகரத்துக்குத் தடையில்லை.

2022-இல் ஆஸ்டின் நகரமே அதே நீதிமன்றத்தில் நின்றது. கடை இருக்கும் இடத்திலேயே வைக்கும் போர்டுக்கு ஒரு விதி, வேறெங்கோ இருக்கும் கடைக்காக வைக்கும் போர்டுக்கு ஒரு விதி. இது சரியா என்பது கேள்வி. அது எழுத்தைப் பொறுத்ததல்ல, இடத்தைப் பொறுத்தது என்று ஆறு நீதிபதிகள் ஆஸ்டின் பக்கம் நின்றார்கள், மூன்று பேர் மறுத்தார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வியப்பாக இருந்தது. உடைந்த கரும்பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னதைத்தானே இவர்களும் இத்தனை பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள்!

நகர அலுவலகத்தில்

இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பியுடன் நகர அலுவலகத்துக்கு மகன் போனான். நானும் ஒட்டிக்கொண்டேன். சண்டை நடக்கும் என்று நினைத்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒரு வரைபடத்தை விரித்தார்.

அந்த ஊரில் சக்கர போர்டுக்குத் தடை இல்லை. அனுமதி வாங்கி, கட்டணம் கட்டி, வருஷத்தில் இத்தனை நாள் என்று கணக்காக வைத்துக்கொள்ளலாம். இவர்கள் அனுமதியே வாங்கவில்லை. வாடகைக்கு விட்டவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அடுத்து, போர்டு நின்ற இடம். இரண்டு சாலைகள் சேரும் முனையில் ஒரு முக்கோண இடத்தைக் காலியாக விட வேண்டுமாம். அங்கே ஏதாவது நின்றால், திரும்புகிற காருக்கு எதிரே வருவது தெரியாது, நடந்து வரும் குழந்தையும் தெரியாது. மூன்றாவது, பல்புக்காகப் புல்மேல் இழுத்த வயர். மழை பெய்தால் மிதிக்கிறவர் கதி என்ன?

கடைசியாக அவர் காற்றைப் பற்றிச் சொன்னார். வசந்த காலத்தில் இங்கே திடீர்ப் புயல் அடிக்கும். தரையில் சரியாகப் பிணைக்காத போர்டு சாலையில் வந்து விழும்.

அதைக் கேட்டதும் என் வயிற்றில் என்னவோ செய்தது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே அனுமதியில்லாமல் வைத்த கல்யாண பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மேல் விழுந்தது. அவள் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பெண்ணின் படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பிக்கும் புரிந்தது. ஆனாலும் விடாமல், “அந்த சிலை வேஷம் போட்ட பையன்?” என்று கேட்டார்.

அந்தப் பெண்மணி சிரித்தார். ஆள் கையில் பிடிக்கும் அட்டைக்கும் அந்த ஊரில் விதி உண்டு. சாலையிலோ முனையிலோ நிற்கக் கூடாது, கடைக்குச் சொந்தமான இடத்துக்குள்தான் நிற்க வேண்டும். அவன் நிற்பது எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, இவர்கள் என்ன செய்யலாம் என்று அவரே சொன்னார். வளாக முகப்பில் எல்லாக் கடைப் பெயர்களும் உள்ள பொதுப் பலகையில் இவர்கள் பெயருக்கு இடம் கேட்கலாம். கடை திறந்திருக்கும் நேரத்தில் வாசலையொட்டி, நடப்பவர்களுக்கு வழிவிட்டு ஒரு சின்ன மடக்கு போர்டு வைக்கலாம்.

வெளியே வந்ததும் தம்பி, “ஆறு மாசத்துக்கு முன்னாடியே இங்க வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அம்மா” என்றார். கட்டட உரிமையாளர் பொதுப் பலகையில் இடம் தருவதாகச் சொன்னார். ஆனால் அதற்கு மாதம் தனிக் கட்டணமாம். கஷ்டம் எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

மீண்டும் சாக்பீஸ்

மஞ்சள் போர்டை எடுக்க ஆள் வரும் நாளில் நானும் கடைக்குப் போனேன். புதிதாக வாங்கிய மடக்கு போர்டில் கரும்பலகை மாதிரியே பூச்சு.

“நீங்களே எழுதுங்கம்மா” என்று சாக்பீஸை நீட்டினாள் அந்தப் பெண்.

மேலே தமிழில் எழுதினேன்: ‘இன்று: இட்லி, பொங்கல், ரவா தோசை’. கீழே பேத்தி ஆங்கிலத்தில் எழுதினாள். என் எழுத்து அப்பா எழுத்து மாதிரி அச்சாக வரவில்லை. கொஞ்சம் கோணல்தான்.

போர்டை இழுத்துப்போக வந்தவர் கொக்கியை மாட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி எங்கள் பலகை முன்னால் வந்து நின்றார். இரண்டாவது வரியைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். அரிசியும் பருப்பும் நெய்யும் மிளகும் என்று தம்பி விளக்கினார். அவர் உள்ளே போய் உட்கார்ந்தார்.

வெளியே அந்த மஞ்சள் போர்டு, அம்புக்குறி இன்னும் கடையைக் காட்டியபடி, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தது.