இரண்டு பூண்டிகள்

திருவள்ளூருக்குப் போனால், வீரராகவப் பெருமாளைச் சேவித்த கையோடு பூண்டி ஏரியையும் பார்த்துவிட்டு வா என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. சாலிஹோத்திர முனிவரிடம் பெருமாள், "நாம் படுக்க எவ்வுள்?" என்று இடம் கேட்டாராம். திரு, எவ்வுள், ஊர் என்ற மூன்று சொற்களும் ஜனங்களின் வாயில் உருண்டு உருண்டு 'திருவள்ளூர்' ஆகிவிட்டன என்பார்கள்.

தரிசனம் முடிந்து பஸ் ஏறினேன். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த அணை பூண்டி. சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த ஏரிக்குத் தியாகி சத்தியமூர்த்தியின் பெயர். கரையில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். மணி 11.

"ஸிப்காட்?" என்றது ஒரு குரல்.

திரும்பினேன். முதுகில் பையுடன் ஒரு வாலிபன். ஏரிக்கரையில் தொழிற்பேட்டையாவது! உடைந்த ஹிந்தியில் விசாரித்தேன். ஊர் ஒடிசா, மாலை 5 மணிக்குள் வேலைக்கு ஆஜராக வேண்டும். தவறினால் இடம் வேறொருவனுக்கு.

சீட்டை நீட்டினான். எழுதியவருக்கு வரியில் இடம் போதவில்லை போலும். ஆங்கில எழுத்தில் 'கும்மிடி' என்று ஒரு வரி. 'பூண்டி' என்று அடுத்த வரி. மேல் வரியை வியர்வை கரைத்துவிட்டது. மிஞ்சியதைப் படித்து சென்ட்ரலில் வழி கேட்டிருக்கிறான். கேட்டவர்களும் நல்ல மனத்தோடு திருவள்ளூர் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்!

அவர்கள் மேல் குற்றமில்லை. பூண்டி என்றால் ஊர். நம் ஜில்லாவிலேயே மேற்கே ஒரு பூண்டி, வடக்கே ஆந்திர எல்லையோரம் ஒரு பூண்டி. முன்பாதி போனால் மனிதன் திசை மாறிவிடுகிறான்.

"வா தம்பி" என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். திருவள்ளூரிலிருந்து பேஸின் பிரிட்ஜ்; அங்கே வண்டி மாறி எண்ணூர், மீஞ்சூர் வழியாக வடக்கே.

ரயிலில் பாடம் நடந்தது. 'கும்மிடி, பூண்டி' என்று நடுவில் மூச்சு விட்டான் பையன். அப்படி விட்டால் 'ப்' விழுந்துவிடும். கும்மிடியும் பூண்டியும் சேரும்போது பிறக்கிற எழுத்து அது. எழுதுவதில் இரண்டுக்கும் நடுவே, சொல்வதில் முன் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். கும்-மி-டிப்-பூண்-டி! பொன்னும் ஏரியும் சேர்ந்த பொன்னேரியை அவன் 'பொன் நேரி' என்றபோது எதிர் ஸீட்டுப் பாட்டி சிரித்துவிட்டாள்.

நமக்கு மட்டும்தான் இந்தச் சங்கடம் என்று எண்ணாதீர்கள். நார்வேக்காரர்கள் ஆட்டுக்குட்டியின் தொடைக்கறியை 'லாம்மெலோர்' என்று ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். இரண்டாகப் பிரித்து எழுதினால் 'முடங்கிப்போன தொடைகள்' என்று அர்த்தம்! 2020-ல் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி வெளியிட்டு, ஆட்சேபம் எழவே சில நாட்களில் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். ஆங்கில எழுத்தில் நம் ஊரை அடைப்பது லேசான காரியமா?

நாங்கள் இறங்கியபோது மணி 4-ஐத் தாண்டிவிட்டது. ஸ்டேஷன் பலகையைப் பையன் ஒருமுறை பார்த்துக்கொண்டான். வெளியே ஆட்டோக்காரர், "எங்கேப்பா போகணும்?" என்றார்.

"கும்மிடிப்பூண்டி ஸிப்காட்!" ஒரே மூச்சு, 'ப்' அழுத்தமாக விழுந்தது.

"கும்மிடிப்பூண்டியிலேதானே நிக்கிறே? ஏறு, ஏறு!" என்று சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார். பையன் கையை ஆட்டிக்கொண்டே போனான். நான் திரும்பும் வண்டிக்கு டிக்கெட் வாங்கப் போனேன்.