சாட்சியில்லாக் கடன்



சென்ற மாதம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு நாற்பதாயிரம் ரூபாய் குறைந்தது. அவ்வேளையில் எனது வங்கியின் செயலி, 'ஐம்பதாயிரம் ரூபாய் கடன் தயார்' என்று அறிவித்தது. என் வரவு செலவெல்லாம் வங்கியின் கணினி அறியும். எனவே விண்ணப்பமும் கேட்கவில்லை, ஜாமீனும் கேட்கவில்லை. விரல் பட்டால் போதும். விக்கிரவாண்டி வருவதற்குள் பணம் கணக்கில் ஏறிவிடும்.

அன்று காலைதான் மாணவர்களுக்கு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை விளக்கியிருந்தேன். குர்ஆனின் மிக நீளமான அவ்வசனம் கடனைப் பற்றியது. கடனை எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பெறுபவரே என்கிறது. செயலியிலோ கடன் பெறுபவர் எதுவும் சொல்வதில்லை. படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்துகிறார்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் நெறிமுறைகள், மொத்தச் செலவை ஆண்டு விகிதமாக முன்பே தெரிவிக்கவும், குறித்த நாட்களுக்குள் அபராதமின்றி விலக இடமளிக்கவும், கைபேசியின் தொடர்புப் பட்டியலைத் தொடாதிருக்கவும் கட்டளையிட்டன. நல்ல பாதுகாப்புதான். ஆயினும் தெளிவாக எழுதப்பட்ட வட்டியும் வட்டியே.

செயலியை மூடிவிட்டு, விழுப்புரத்தில் மைத்துனரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதைக் கேட்க இவ்வளவு யோசனையா மச்சான்?" என்றார். பத்துத் தவணையென எழுதினோம். இருவர் சாட்சிக் கையொப்பமிட்டனர்.

அந்தத் தயக்கமே என்னை உறுத்துகிறது. திரையிடம் கேட்க வெட்கமில்லை. உறவிடம் கேட்க வெட்கம். நம் வீட்டுப் பிள்ளை செயலியிடம் கடன் கேட்கிறான் எனில், நம்மிடம் கேட்க அஞ்சினான் என்றே பொருள். அந்த அச்சத்தை நீக்குவது நம் கடமை.

அல்லாஹ் நம் அனைவரையும் வட்டியிலிருந்து காப்பானாக. ஆமீன்.