காங்கேசன்துறை வீதியில் ஒரு காலைப் பயணம்

காலை ஏழு மணி. காங்கேசன்துறைச் சந்தியில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். நான், ஓர் அக்கா, அவருடைய மகள். மகளின் கையில் ஒரு கோப்பு. அதற்குள் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் நற்சான்றுப் பத்திரம். நகரத்தில் பெரிய புடைவைக்கடை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போகிறோம்.

அக்காவின் கணவர் 2009 இல் வன்னியில் காணாமற் போனவர். அப்போது மகளுக்கு மூன்று வயது. வீட்டுக்கு வரப்போகும் முதல் மாதச் சம்பளம் இந்தப் பிள்ளையுடையதுதான். அதனால் அக்கா முதல்நாளே என்னிடம் வந்திருந்தார்.

"தங்கச்சி, நீங்களும் எங்களோட வாங்கோ. அங்க போய் என்ன கேக்கிறது எண்டு எனக்குத் தெரியாது."

வேலை தேடிப் போகும்போது, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். நாங்களும் கேட்க வேண்டியது உண்டு என்பது இந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எதைக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பயணத்தில் நாங்கள் பார்த்ததையும் பேசியதையும் வாசகிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பஸ் வரும்வரை அக்கா சிமெந்துத் தொழிற்சாலை இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தகப்பனார் அங்கே வேலை செய்தவர். "அப்பா வீட்டுக்கு வரேக்க தலைமயிரெல்லாம் வெள்ளையா இருக்கும். சிமெந்துத் தூள். அம்மா கிணத்தடியிலேயே மறிச்சு, குளிச்சிட்டு உள்ள வாங்கோ எண்டு சொல்லுவா" என்று சிரித்தார்.

1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய தொழிற்சாலை அது. ஒரு பெரிய ஆலை ஏன் காங்கேசன்துறைக்கு வந்தது? சிமெந்துக்குத் தேவையான சுண்ணாம்புக்கல் இந்த நிலத்துக்கு அடியிலேயே கிடந்தது. களிமண் மன்னார் முருங்கனிலிருந்து வந்தது. கொழும்போடு இணைக்கும் ரயில் பாதை 1905 முதலே இருந்தது. பக்கத்தில் துறைமுகம். எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். இத்தனையும் ஓரிடத்தில் சேர்ந்ததால்தான் ஆலை வந்தது. ஆலை வந்ததால் கடைகள் வந்தன, தேநீர்க்கடைகள் வந்தன, வாடகை வீடுகள் வந்தன. 1990 இல் போரோடு ஆலை மூடப்பட்டது. ஊரும் இடம்பெயர்ந்தது. அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

பஸ் வந்தது. ஏறி அமர்ந்தோம். மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம் என்று வீதி நீண்டது. பல வருடங்கள் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த நிலத்தில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டு விட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் வந்தது. இன்னொரு பகுதிக் காணி இன்னமும் வரவில்லை. மல்லாகத்தைக் கடக்கும்போது அக்கா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கத்து முகாமொன்றில்தான் அவருடைய குமர்ப்பருவம் கழிந்தது.

நானும் இடம்பெயர்ந்தவள்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு, ஐந்து வயதில், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தவள். ஒரு நகரம் ஒரே இரவில் வெறுமையாவதைக் கண்டவர்களுக்கு, அதே நகரத்தில் பல மாடிக் கட்டடங்களும் கண்ணாடிக் கதவுகளும் எழுவதைப் பார்க்க மகிழ்ச்சி வரத்தான் செய்யும். எனக்கும் வருகிறது. ஆனால் மகிழ்ச்சியோடு கணக்கும் பார்க்க வேண்டும் என்று பின்னர் சமூகவியல் படித்தபோது விளங்கிக்கொண்டேன்.

சுன்னாகத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. சந்தைக்கு வந்த பெண்கள் மரக்கறிப் பைகளோடு ஏறினார்கள். சுன்னாகம் என்றதும் எங்களுக்கு மின்சார நிலையம் நினைவுக்கு வரும். கூடவே கிணறுகளும் நினைவுக்கு வரும். 2014 அளவில் இந்தச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது பெரும் பிரச்சினையாக வெளிவந்தது. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு பவுசர் வண்டிக்குக் காத்து நின்ற நாட்கள் அவை. வழக்கு நடந்தது. மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். ஆகவே ஊருக்குள் எந்த ஆலை வந்தாலும், அதன் கழிவு எங்கே போகும் என்று கேட்பது எங்கள் வீட்டு விடயம்.

இணுவிலைத் தாண்டும்போது மகள் கேட்டாள். "மிஸ், சண்டைக்கு முதல் யாழ்ப்பாணத்தில கொம்பனி ஒண்டும் இருக்கேல்லையா?"

ஏன் இல்லை? இணுவிலில் அண்ணா கோப்பி இருந்தது, இன்றும் இருக்கிறது. மில்க்வைற் சவர்க்காரம் வாங்காத வீடு அந்தக் காலத்தில் குறைவு. காரைநகரில் சீநோர் படகுத் தளம் இருந்தது. அச்சுவேலியில் கைத்தொழில் பேட்டை இருந்தது. போரில் அழிந்த அந்தப் பேட்டை இந்திய உதவியோடு 2014 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இவற்றில் பல இந்த மண்ணின் ஆட்களே தொடங்கியவை. வெளியிலிருந்து பெரிய நிறுவனங்கள் கூட்டமாக வரத் தொடங்கியது போர் முடிந்த பிறகுதான்.

அது எப்படி நடந்தது என்று பாருங்கள். 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ-9 வீதி 2009 இன் இறுதியில் பொதுமக்களுக்கு மெல்ல மெல்லத் திறந்தது. 2010 ஜனவரியில் முதலாவது சர்வதேச வர்த்தகக் கண்காட்சி யாழ்ப்பாணத்தில் நடந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. வீதி, ரயில், விமானம் என்று வழி திறக்கத் திறக்க நிறுவனங்களும் வந்தன. தலைநகரத்தில் இடமும் வாடகையும் ஏறும்போது நிறுவனங்கள் நடுத்தர நகரங்களைத் தேடுவது உலகமெங்கும் நடப்பதுதான். அவை நல்ல வீதியைப் பார்க்கும், மின்சாரத்தைப் பார்க்கும், வாங்கும் சக்தியுள்ள மக்களைப் பார்க்கும், படித்த பிள்ளைகளைப் பார்க்கும். குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைக்குமா என்றும் பார்க்கும்.

யாழ். பஸ் நிலையத்தில் இறங்கி ஆஸ்பத்திரி வீதியால் நடந்தோம். நேர்முகத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இரண்டு பக்கப் பெயர்ப்பலகைகளையும் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, வந்த நிறுவனங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம் என்று அக்காவுக்குச் சொன்னேன். விற்க வந்தவை, கடன் கொடுக்க வந்தவை, வேலை கொடுக்க வந்தவை.

முதலில் வந்தவை பெரும்பாலும் முதலிரண்டு வகைதான். சுப்பர் மார்க்கெட்டுகள் வந்தன, கைத்தொலைபேசிக் கடைகள் வந்தன, மோட்டார் சைக்கிள் முகவர்கள் வந்தார்கள். வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் ஆஸ்பத்திரி வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் வரிசையாகத் திறந்தன. வீட்டு வாசலுக்கே வந்து குழுக்கடன் கொடுத்தார்கள். உழைப்புக்கு வழி வருமுன் கடனுக்கு வழி வந்துவிட்டது. கிழமைக்குக் கிழமை தவணை கட்ட முடியாமல், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்களை நீங்களும் அறிவீர்கள். அப்படிப்பட்ட வாசகிகளும் இருப்பீர்கள். நிலைமை முற்றியதால்தான், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை நீக்க 2018 இல் அரசாங்கம் திட்டம் கொண்டுவந்தது.

அக்கா ஒரு பெயர்ப்பலகையைக் காட்டினார். "இதில ஒரு கடன் எனக்கும் இருந்தது. தோட்டை வித்துத்தான் கட்டினனான்." காதில் கை வைத்துப் பார்த்தார். வெறும் ஈர்க்குத்தான் இருந்தது.

மூன்றாவது வகையும் இல்லாமல் இல்லை. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் போருக்குப் பின் வந்தன. வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலை உண்டு. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். யாழ்ப்பாணத்தில் விடுதிகள் வந்தன. மென்பொருள் நிறுவனங்கள் கிளைகளைத் திறந்தன. யாழ் ஐ.ரி. ஹப் என்ற அமைப்பு, இளைஞர்களைக் கணினித்துறைத் தொழில் முயற்சிகளுக்குத் தயார்ப்படுத்தும் போட்டிகளை 2012 முதல் நடத்தி வருகிறது. 2025 இல் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. அக்காவின் தகப்பனார் வேலை செய்த அதே காங்கேசன்துறை.

கடலுக்கு அப்பாலும் ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னையில் வளர்ந்த சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011 இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் திறந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைத் தானே பயிற்றி வேலைக்கு எடுக்கும் வழக்கமும் அந்த நிறுவனத்துக்கு உண்டு. இதைச் சொன்னபோது மகளின் முகம் மலர்ந்தது. வேலை இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் போவதுதான் வழமை. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வேலை வருவதும் நடக்கக்கூடியதே.

நேரம் வந்தது. கடைக்குள் போனோம். முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். காலை எட்டரைக்கு வர வேண்டும். இரவு எட்டு மணிக்கு முடியும். முதல் ஆறு மாதம் பயிற்சிக்காலம், அதற்குச் சம்பளம் 20,000 ரூபா. பிள்ளை தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்போது அக்கா, பஸ்ஸில் வரும்போது நாங்கள் பேசிக்கொண்டதை ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஐயா, ஈ.பி.எஃப். உண்டோ?" ஆறு மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் அவர். "நிண்டுகொண்டேதான் வேலையோ? இருக்கக் கதிரை உண்டோ?" வாடிக்கையாளர் வரும் இடத்தில் கதிரை போட முடியாது என்றார். "எட்டு மணிக்குப் பிறகு காங்கேசன்துறைக்கு எப்பிடி வாறது?" அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள், கூப்பிடுகிறோம் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, கூடக் கேட்டிட்டனோ? பிள்ளையின்ர வேலையைக் கெடுத்துப்போட்டனோ?"

அக்கா கேட்டது ஒன்றும் கூடுதலானதல்ல. சட்டம் சொல்வதைத்தான் கேட்டார். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. பயிற்சிக்காலம் என்றாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். எங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். 30,000 ரூபா சம்பளத்துக்கு இவை மாதம் 6,900 ரூபா. அதில் 4,500 முதலாளியுடைய பங்கு. ஆறு மாதம் கட்டாமல் விட்டால் அந்தப் பங்கில் மட்டும் பிள்ளை இழப்பது 27,000 ரூபா. கதிரை கேட்பதும் பகிடி அல்ல. கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 இல் சட்டமே கொண்டுவந்தார்கள்.

அந்தக் கடையிலிருந்து அழைப்பு வரவில்லை. இரண்டு கிழமை அக்காவின் வீட்டில் கவலைதான். எனக்கும் மனம் உறுத்தியது. பிறகு சுன்னாகத்தில் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் மகளுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் சட்டம் சொன்ன ஆகக்குறைந்த தொகைதான், ஒரு ரூபா கூட இல்லை. ஆனால் முதல் மாதமே சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் வந்தது. பின்னேரம் ஐந்தரைக்கு வேலை முடியும், ஆறரைக்குப் பிள்ளை வீட்டில் நிற்பாள். சனிக்கிழமைகளில் கணினி வகுப்புக்குப் போகிறாள்.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக, கிடைத்ததை எடுத்துக்கொள்ளும் சகோதரிகள் பலர். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் சேரும்போது கேட்காவிட்டாலும், சேர்ந்த பிறகு கேட்கலாம். தனியாகக் கேட்கப் பயமென்றால் நாலு பேராகச் சேர்ந்து கேட்கலாம். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், அங்கத்துவ இலக்கம் மூன்றையும் ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள். குறை இருந்தால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

நிறுவனங்கள் வரட்டும். பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் காங்கேசன்துறைக்கும் வரட்டும். எங்கள் பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் ஓடாமல் இங்கேயே உழைக்க முடியுமென்றால் அதைவிட நல்லது எது? ஆனால் அவை எங்களுக்கு உபகாரம் செய்ய வரவில்லை. எங்கள் வீதி, எங்கள் தண்ணீர், எங்கள் காணி, நாங்கள் இடம்பெயர்ந்து மரத்தடியிலும் முகாமிலும் படிக்கவைத்த பிள்ளைகள், இவற்றை நம்பித்தான் வருகின்றன. கொடுப்பதற்கு எங்களிடம் இவ்வளவு இருக்கும்போது, கேட்பதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

போன கிழமை அக்காவைக் கண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையொன்று ஒரு விடுதிக்கு நேர்முகத்துக்குப் போகிறதாம். "நான் கூடப் போறன் தங்கச்சி. என்ன கேக்கிறதெண்டு எனக்கு இப்ப தெரியும்" என்றார்.