காயல் கடலோரத்தில் வெள்ளிக் காலைகள்

காயல்பட்டினத்துக் கடற்கரையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் தென்பாண்டிச் சீமையில் மிகக் குறைவு. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி கிடக்கும் அந்த மணல்வெளியில், அஸர் தொழுகை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக வந்து அமர்வார்கள். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் வட்டமிட்டுப் பேசுவார்கள். சுண்டலும் வடையும் கைமாறும். மஃரிபுக்குப் பாங்கு ஒலித்ததும் பாதி மணல்வெளி எழுந்து நடக்கும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து பேசிய காயல் துறைமுகம் இதற்கு வடக்கே, தாமிரபரணியின் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. அரபுநாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய அத்துறையை ஆறு கொணர்ந்த வண்டல் தூர்த்துவிட்டது.

நான் இவ்வூரான் அல்லன். மதரஸாவில் ஓதிக்கொடுக்க வந்தவன். எனக்கு முதலில் அறிமுகமானது சுபுஹுக்குப் பிந்திய கடற்கரைதான். முதல்நாள் மாலையின் மகிழ்ச்சி முழுவதும் அங்கே சிதறிக் கிடக்கும்: தேநீர்க் குவளைகள், தண்ணீர் பாக்கெட்டுகள், மிச்சரின் உறைகள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்னும் நபிமொழியைப் பல ஆண்டுகளாகப் பாடமாகச் சொல்லி வந்தவன் நான். ஆயினும் ஒருநாளும் குனிந்து எதையும் எடுத்ததில்லை. 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், வெள்ளிக்கிழமை விடுமுறையில், பன்னிரண்டு மாணவர்களையும் நான்கு சாக்குகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். 'சாக்குகளையும் அழைத்துக்கொண்டு' என்று எழுதியது பிழையன்று. முதல் வாரம் நான் சாக்குகளைப் போலவேதான் நின்றிருந்தேன். பிள்ளைகள் பொறுக்கினார்கள்.

குப்பைக்குள் திருமண அழைப்பிதழ்கள் கிடந்தன. மேலே பிஸ்மில்லாஹ் அச்சிட்டவை. அவற்றைப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலேயே தனியே எடுத்து, மணலைத் தட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். கிழிந்த முஸ்ஹஃபின் தாள்களைக் கால்படாத இடத்தில் புதைப்பது நம் வழக்கமல்லவா? மதரஸாத் தோட்டத்து மூலையில் அவ்வாறே அவற்றை அடக்கம் செய்தோம். அந்த யோசனையை மற்றக் குப்பைக்கும் நீட்டியது என் அறியாமை. அடப்பங்கொடி படர்ந்த மணல்மேட்டின் பின்னே ஆளுயரக் குழி தோண்டி, வாரந்தோறும் சாக்குகளைக் கொட்டி மூடினோம். கடற்கரை பளிச்சென்று இருந்தது. தொழுகையாளிகள் என்னைப் பாராட்டினார்கள், நானும் மறுக்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் பெய்த மழையை இவ்வட்டாரத்தார் மறக்கமாட்டார்கள். 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட மிகுதியான மழை ஒரே நாளில் கொட்டியது. மதரஸாவில் முழங்காலளவு தண்ணீர். கிதாபுகளைப் பரணில் ஏற்றியதும், அடுப்பில்லாத வீடுகளுக்குச் சோற்றுப் பொட்டலம் சுமந்ததும் தனிக்கதை.

தண்ணீர் வடிந்தபின் கடற்கரைக்குப் போனேன். ஊருக்குள்ளிருந்து கடலை நோக்கிப் பாய்ந்த வெள்ளம் மணல்மேட்டை அறுத்துக்கொண்டு போயிருந்தது. எங்கள் குழி வாய் பிளந்து கிடந்தது. ஆறு மாத உழைப்பும் கரை நெடுகப் பரவியிருந்தது. எவ்வளவு கடலுக்குள் போயிற்றோ! மிதக்கும் பையைச் சொறிமீன் என்றெண்ணி விழுங்கி மாளும் கடலாமைகள் உள்ள கடல் இது. துப்புரவுப் பணியாளரான ஒரு வயதான அம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க புதைச்சது நீங்கதானா பாய்? ரெண்டு நாளா இதைத்தான் பொறுக்கிக்கிட்டு இருக்கோம்" என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்கவில்லை.

அவரோடு சேர்ந்து நானும் குனிந்தேன். காகிதக் குவளை மக்கிவிடும் என்று எண்ணியிருந்தேன். காகிதம் மக்கித்தான் போயிருந்தது. உட்புறம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தோல் மட்டும் குவளையின் வடிவிலேயே கையில் வந்தது. 2019 ஜனவரி முதல் தமிழக அரசு தடை செய்த 14 வகைப் பொருள்களில் இந்தப் பூச்சுக் குவளையும் ஒன்று என்பதைப் பிறகே அறிந்தேன். அடுத்து வந்தது ஒரு பச்சை நிறப் பை. எங்கள் மதரஸாவின் ஆண்டு விழாவில் நேர்ச்சை வழங்கிய பை, பெயர்கூட அழியவில்லை. அந்த அம்மா எழுத்தைப் பார்த்தாரா, தெரியாது. நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த விழாவுக்குப் பைகள் அச்சிடவில்லை. இவ்வூர்த் திருமண விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்கிறார்கள். எறிவதற்கு இலைகூட மிஞ்சுவதில்லை. அந்தச் சஹன்களையும் சில்வர் டம்ளர்களையும் ஜமாஅத்திலிருந்து இரவல் வாங்கினோம். வேலை மிகுதி என்று சிலர் முணுமுணுத்தார்கள், பொய்யில்லை. இஷாவுக்குப் பின் முந்நூறு டம்ளர் கழுவியதில் என் இடுப்பு இரண்டு நாள் நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இன்றும் போகிறோம். குழி தோண்டுவதில்லை. மக்குவதையும் மக்காததையும் தனித்தனிச் சாக்கில் பிரித்து, அந்த அம்மாவின் வண்டி வரும்வரை காத்திருந்து ஒப்படைக்கிறோம். சாக்கை அவிழ்த்து ஒருமுறை கிளறிப் பார்த்த பிறகே வாங்கிக்கொள்கிறார். சென்ற வாரம் மூன்று சாக்கு நிரம்பிற்று. அவற்றில் எங்கள் பச்சைப் பை ஒன்று இருந்தது. பழைய குழியிலிருந்து வந்தது.