இரண்டு லிண்டாக்கள்

அமெரிக்காவில் வாழ்த்து அட்டை விற்கிற கடைகளில் மெல்லிய கையடக்கப் புத்தகம் ஒன்று கிடைக்கும். பிறந்த வருஷத்தைச் சொன்னால் அந்த வருஷத்து ரொட்டி விலை, பெட்ரோல் விலை, ஓடிய சினிமா, தலைப்புச் செய்தி எல்லாம் அச்சடித்த புத்தகமாக எடுத்துக் கொடுப்பார்கள். 1949க்கானது ஒன்று என் கைக்கு வந்தது. நியூஜெர்ஸியிலிருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா தன் மாமனாருக்கென்று வாங்கி வந்து, அவர் பிறந்தது 1948 என்று தெரிந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. புரட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பெருமூச்சு விடுகிறார்கள்: என்ன மலிவு!

பதினோரு வருஷமாக வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தப் பெருமூச்சு அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை. ஒரு எண்ணைத் தனியாக எடுத்துக் காட்டினால் எது பற்று, எது வரவு, யாருடைய கணக்கு என்று கேட்கத் தோன்றும். தொழில் புத்தி. விமர்சனத்துக்கும் இந்தப் புத்தி கொஞ்சம் உதவும் என்பது என் கட்சி.

கோகோ கோலாவை எடுத்துக்கொள்ளலாம். 5 சென்ட். 1886இல் சோடாக் கடையில் தம்ளரில் விற்ற நாளிலிருந்து 1950களின் கடைசி வரைக்கும் எழுபது வருஷத்துக்கு மேல் அந்த விலை அநேகமாக அசையவில்லை. நடுவில் இரண்டு உலக யுத்தம், ஒரு பெரும் மந்தம். தர்ம சிந்தனை காரணமில்லை. 1899இல் சட்டனூகாவிலிருந்து இரண்டு வக்கீல்கள் வந்து பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையைக் கேட்டார்கள். பாட்டிலாவது, விற்பதாவது என்று நினைத்த கம்பெனித் தலைவர் ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பாகின் விலையும் அந்தப் பத்திரத்திலேயே நிலையாகிவிட்டது. பாட்டில்காரன் விலையை ஏற்றினால் கம்பெனிக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே கம்பெனி சுவர் கண்ட இடமெல்லாம் 5 சென்ட் என்று எழுதி வைத்தது. 1921இல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். அதற்குள் 5 சென்ட் நாணயத்தை மட்டும் விழுங்கும் யந்திரங்களின் யுகம் நெருங்கிவிட்டது. யந்திரத்துக்கு 6 சென்ட் புரியாது. 1953இல் கம்பெனித் தலைவர் உட்ரஃப், ஜனாதிபதி ஐசன்ஹோவரிடம் ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அடிக்க முடியுமா என்று கேட்டார். முடியவில்லை. சில ஊர்களில் ஒன்பது பாட்டிலுக்கு ஒன்றைக் காலியாக வைத்துப் பார்த்தார்களாம். விலை அதேதான், ஒன்பதாவது ஆளுக்கு மட்டும் காற்று. பட்டியலில் இருக்கும் 5 சென்ட், அந்த ஒன்பதாவது ஆளுக்கும் 5 சென்ட்தான்.

இது வேடிக்கை. வேடிக்கையில்லாததும் உண்டு. 1955இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் பஸ் கட்டணம் 10 சென்ட். மலிவு வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஊரில் கறுப்பர், முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, பல டிரைவர்களின் ஆணைப்படி இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். சில சமயம் அவர் பின்வாசலை அடைவதற்குள் பஸ் கிளம்பிவிடும். வெள்ளையர் கொடுத்ததும் 10 சென்ட்தான். இரண்டும் ஒரே விலையா? டிசம்பர் 1ஆம் தேதி ரோஸா பார்க்ஸ் இடத்தை விட்டு எழ மறுத்து, அதிலிருந்து பகிஷ்காரம் 381 நாள் நடந்தது. கறுப்பு டாக்சிக்காரர்கள் அதே 10 சென்ட் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றினார்கள். நகர நிர்வாகம் உடனே டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைத் தூசி தட்டி எடுத்தது. வீட்டுவேலைக்குப் போகிற பெண்கள் நடந்தார்கள். 1950 ஜனவரியில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 40 சென்ட்டிலிருந்து 75 சென்ட்டாக உயர்த்திய சட்டம் வீட்டுவேலைக்காரர்களுக்குப் பொருந்தாது. அந்தப் பெண்களின் 10 சென்ட் எந்தக் கூலியின் எத்தனையில் ஒரு பங்கு என்பதை எந்தப் பிறந்தநாள் புத்தகமும் அச்சிடப் போவதில்லை.

இலக்கியம் இதைச் செய்திருக்கிறதா என்று யோசித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது லிண்டா லோமன். ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் மேடையேறியது. பி.ஏ.யில் எங்களுக்குப் பாடம். பேராசிரியர் அமெரிக்கக் கனவு என்று ஆரம்பித்து எட்டுப் பக்கம் நோட்ஸ் சொன்னார். பரீட்சைக்கு அது போதும். வங்கியில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து மறுபடி படித்தபோதுதான் நாடகம் முழுக்க எண்களாக இருப்பது தெரிந்தது. கனவு என்கிற வார்த்தையை எடுத்துவிட்டு நாடகத்தை நடத்திவிடலாம்; எண்களை எடுத்துவிட்டால் மேடையில் ஒன்றும் மிஞ்சாது.

வில்லியின் நினைவில் ஓடும் பழைய காட்சி ஒன்று, 1928 வாக்கில் நடப்பது. அவன் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறான். பிராவிடென்ஸில் 500 டாலருக்கும் பாஸ்டனில் 700 டாலருக்கும் விற்றதாகச் சொல்கிறான். லிண்டா பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுகிறாள்: கமிஷன் 212 டாலர். அவள் சந்தோஷத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தொண்டை அடைக்கிறது. இல்லை, மொத்தப் பயணத்திலும் ஏறக்குறைய 200 டாலருக்குத்தான் விற்றேன் என்று இறங்கி வருகிறான். அவள் தயங்காமல் மறுபடி கணக்குப் போட்டுச் சொல்கிறாள்: 70 டாலரும் சில்லறையும். ரொம்ப நல்லதுதான் என்கிறாள்.

இங்கே பென்சிலை நானும் எடுத்தேன். 1200க்கு 212 என்றால் நூற்றுக்குப் பதினேழு டாலர் அறுபத்தேழு சென்ட். அதே விகிதத்தில் 200க்கு வர வேண்டியது 35 டாலர் 33 சென்ட். அவள் சொன்னது 70 டாலரும் சில்லறையும். சரியாக இரண்டு மடங்கு.

ஆசிரியரின் கைப்பிசகு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் பிசகு என்றால் இப்படிச் சரியாக இரட்டிப்பாக விழாது. எங்கள் தொழிலில் பிசகுகளுக்கு வேறு மாதிரி முகம். இது பிசகில்லை, லிண்டா செய்தது என்றே நான் வாசிக்கிறேன். அவன் பொய் சொல்லித் திரும்ப உண்மைக்கு இறங்கும்போது, அவன் விழுகிற தூரத்தில் பாதியை அவள் பென்சிலால் ஏந்திக்கொள்கிறாள். அவனுக்கும் தெரிந்திருக்கலாம். நாடகத்தில் லிண்டா பேசும் பெரிய வசனங்கள் பிரசித்தம். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அவற்றைத்தான். எனக்கு அவள் இந்தத் தப்புக் கணக்கில்தான் இருக்கிறாள். நகைக்கடன் வட்டியைக் கட்ட மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வரும் அம்மாக்கள், “தம்பி, வீட்டுக்கு லெட்டர் எதுவும் போட்டுடாதப்பா, அவருக்குத் தெரியாது” என்று சொல்லும்போது நான் அவளை நினைத்துக்கொள்வதுண்டு.

இரட்டித்த அந்த எழுபதும் போதாது. உடனே கடன் வரிசை வருகிறது. குளிர்சாதனப் பெட்டிக்கு 16 டாலர். அதில் அறுந்த பெல்ட்டுக்கு 1.80. துணி துவைக்கும் யந்திரத்துக்கு 9.60. தூசி உறிஞ்சும் யந்திரத்துக்கு 15ஆம் தேதிக்குள் மூன்றரை. கூரை மராமத்துக்கு 21 பாக்கி. உதிரிகளும் சேர்ந்து 120 டாலர். தவணை முடிகிற அன்று பொருளும் முடிந்துபோகிறது என்று வில்லி பிற்பாடு புலம்புகிறான். இதில் தத்துவம் ஒன்றுமில்லை. எந்தக் கடன் பிரிவில் கேட்டாலும் சொல்வார்கள்.

நாடகத்தின் நிகழ்காலத்தில், யுத்தத்துக்குப் பிந்தைய அமெரிக்காவில், வில்லிக்கு அறுபது வயசு தாண்டிவிட்டது. முதலாளியின் மகனிடம் போய் வாரம் 65 டாலருக்கு உள்ளூரிலேயே வேலை கேட்கிறான். பிறகு 50 என்கிறான். பிறகு 40. கேட்டுக்கொண்டிருப்பவனோ கம்பியில் குரலைப் பதிவு செய்யும் யந்திரம் ஒன்றைப் புதிதாக வாங்கி அதை முடுக்கிக் குழந்தையின் குரலைப் போட்டுக் காட்டுகிறான். விலை நூற்றைம்பதுதான், நீயும் ஒன்று வாங்கிக்கொள்ளேன், வீட்டில் இல்லாதபோது ரேடியோவில் ஜாக் பென்னி வந்தால் வேலைக்காரியிடம் சொல்லிப் பதிவு பண்ணிவைக்கலாம் என்கிறான். நூற்றைம்பது என்பது வில்லி கடைசியாகக் கெஞ்சிய கூலியில் ஏறக்குறைய நான்கு வாரம். அந்தக் காலத்துப் பொழுதுபோக்கு, அந்தக் காலத்து விலைவாசி இரண்டும் ஒரே மேஜைமேல். அதற்குமேல் மில்லர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அழகு. வாரம் ஐம்பது டாலர் பக்கத்து வீட்டுச் சார்லியிடம் கடன் வாங்கி, அதைச் சம்பளம் என்று லிண்டாவிடம் கொடுக்கிறான் வில்லி. இன்ஷூரன்ஸ் தொகை 20,000. அவனுடைய கணக்கில் மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய வரவு அது. அதைப் பெறச் செத்தாக வேண்டும். வீட்டுக்கடனின் கடைசித் தவணை கட்டித் தீர்ந்த அன்று அவன் சவ அடக்கம்.

கல்லறையருகே சார்லி செய்யும் பிரசங்கம் எனக்கு ஒப்பவில்லை. 9.60இலும் 1.80இலும் வைக்க முடிந்த ஒரு வாழ்க்கையைக் கடைசியில் இப்படிச் சொற்பொழிவாக மாற்றியிருக்க வேண்டாம். மில்லருக்குத் தன் எண்கள்மேல் நம்பிக்கை போதவில்லை.

எண்ணைக் கவிதைக்கு விரோதியாக நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். அவர்களுக்கு வாலஸ் ஸ்டீவன்ஸ் தோதான ஆள். ஹார்ட்ஃபோர்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உபதலைவராக இருந்து, ஹார்வர்டு அழைத்தும் வேலையை விட மனமில்லாமல், 1955இல் சாகும்வரை ஆபீஸ் போனவர். க்ளெய்ம் காகிதம் ஒன்றுகூட அவர் கவிதைக்குள் நுழைந்ததில்லை. அது அவருடைய கட்டுப்பாடு. நான் மரியாதையாகவே சொல்கிறேன். ஆனால் அதை விதியாக்கிவிடக் கூடாது.

1958 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் பாங்க் ஆஃப் அமெரிக்கா 60,000 கடன் அட்டைகளைக் கேட்காமலே தபாலில் அனுப்பியது. லிண்டா லோமனின் பென்சிலுக்கு வேலை போக ஆரம்பித்தது அங்கிருந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் இன்னொரு லிண்டா. இவள் என் வர்க்கம். ஃபிராங்க் ஓ’ஹாரா நியூயார்க்கின் நவீன கலை மியூசியத்தில் வேலை பார்த்தவர். மதியச் சாப்பாட்டு வேளையில் எழுதுகிறவர் என்று பெயர். 1959 ஜூலை 17, வெள்ளிக்கிழமை, தான் செய்ததையெல்லாம் ஒரு கவிதையில் வரிசையாகச் சொல்கிறார். மணி 12:20. சாயங்கால ரயிலைப் பிடித்து வெளியூரில் விருந்துக்குப் போக வேண்டும். ஷூவுக்குப் பாலிஷ். ஹாம்பர்கர். ‘நியூ வேர்ல்டு ரைட்டிங்’ பிரதி ஒன்று, கானா நாட்டுக் கவிஞர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க. (கானாவுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு வருஷம்தான். அந்தப் பத்திரிகையோ சிகரெட், பல்பொடி விற்கிற கடைகளில் தொங்கிய மலிவுப் பதிப்பு. அதன் ஏழாவது இதழில்தான் ‘காட்ச்-22’இன் முதல் அத்தியாயம் வேறு தலைப்பில் வந்தது. நம்முடைய முந்நூறு பிரதிகளை நினைத்துப் பெருமூச்சு விட வேண்டுமானால் அதற்கு விடலாம்.) பிறகு வங்கி. காசாளர் மிஸ் ஸ்டில்வாகன். அவள் முதல் பெயர் லிண்டா என்று எப்போதோ காதில் விழுந்திருக்கிறது. வழக்கமாக இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பணம் தருவாள், இன்று ஒரு தரம் பார்க்கவில்லை.

கவிதையைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் முடிவுக்கு ஓடிவிடுகிறார்கள். நான் இந்தக் கவுண்ட்டரில் நின்றுவிடுகிறேன். இருப்பைப் பார்க்காமல் பணம் கொடுப்பது என்ன காரியம் என்று இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். குறைந்தால் அவள் கையை விட்டுப் போகும். அது நம்பிக்கையா, அலுப்பா, வெயிலா, வெள்ளிக்கிழமையா? ஓ’ஹாரா சொல்வதில்லை. நன்றியும் சொல்லவில்லை. எவ்வளவு எடுத்தார் என்றும் இல்லை. தொடர்ந்து பரிசுப் புத்தகம், மதுபாட்டில், சிகரெட், ஒரு ‘நியூயார்க் போஸ்ட்’. பத்திரிகையில் பில்லி ஹாலிடேயின் முகம். அங்கிருந்து கவிதை ஃபைவ் ஸ்பாட் என்கிற சின்ன விடுதியில் அவள் பாடிய ஒரு ராத்திரிக்குப் போய் நின்றுவிடுகிறது. அவள் செத்தாள் என்று தலைப்பு சொல்வதோடு சரி. மில்லரின் பிரசங்கம் இல்லாத மில்லர்.

அந்த விடுதியில் அவள் பாடியதே சட்டப்படி சரியில்லை. போதைமருந்து வழக்கில் 1947இல் தண்டனை பெற்றபின், மது விற்கும் இடங்களில் பாடுவதற்கான போலீஸ் அனுமதிச் சீட்டு அவளுக்கு மறுக்கப்பட்டுவிட்டது. கார்னகி மண்டபத்தில் பாடலாம். 1948இல் பாடினாள், கூட்டம் வழிந்தது. ஆனால் வாராவாரம் கூலி வரக்கூடிய சின்ன இடங்கள் நியூயார்க்கில் அவளுக்கு இல்லை. பாடகியின் வருமானத்துக்கு அது பின்வாசல்கூட இல்லாத பஸ். 1959 ஜூனில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்து வாசலில் போலீஸை நிறுத்தினார்கள். நாற்பத்துநாலு வயசு. உடம்போடு மறைத்து வைத்திருந்த ரொக்கம் 750 டாலர். வங்கி இருப்பு 70 சென்ட்.

அவள் இறந்தது விடியற்காலை. ஓ’ஹாரா கவுண்ட்டர் முன்னால் நின்றபோது ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்கும் தெரியாது, லிண்டா ஸ்டில்வாகனுக்கும் தெரியாது. அந்த 70 சென்ட் வேறேதோ லெட்ஜரில், தேதி போட்டு, முந்தின நாள் இருப்பாக அப்படியே இருந்திருக்கும். பின்னால் ஏதோ ஒரு நாளில் ஒரு குமாஸ்தா அதற்கு வவுச்சர் எழுதிக் கணக்கை மூடியிருக்க வேண்டும்.