வேறொரு கண்ணீர்

கல்லூரி நாள்களில், சென்னையில் திரைப்படச் சங்கம் ஒன்று நடத்திய மாலைக் காட்சியில்தான் அந்த முகத்தை முதன்முதலாகக் கண்டேன். மர நாற்காலிகள் இட்ட சிறு கூடம். எங்களுக்குப் பின்னே படவீழ்த்தி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில், முடி கத்தரிக்கப்பட்ட ஓர் இளம்பெண். ஒப்பனை சிறிதும் இல்லாத அவள் முகத்தில் கண்ணீர் வழிந்தபோது, அருகிலிருந்த நண்பன் அறியாதவாறு நானும் கண்களைத் துடைத்துக்கொண்டேன். டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் உருவாக்கிய 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' என்னும் மௌனப் படம் அது.

ஆங்கிலேயப் படையை எதிர்த்துப் பிரெஞ்சுப் படையை வழிநடத்திய உழவர் குடிப்பெண் ஜோன். 1431ஆம் ஆண்டு ரூவான் நகரில் சமய நீதிமன்றம் அவளை விசாரித்தது. முடிவில் அவள் உயிரோடு எரிக்கப்பட்டாள். கத்தோலிக்கத் திருச்சபை 1920இல் அவளைப் புனிதர் என அறிவித்தது. இத்தகைய கதையில் போர்க்களத்தைக் காட்டவே எவரும் விரும்புவர். டிரையரோ போரைத் தொடவேயில்லை. இன்றும் எஞ்சியிருக்கும் விசாரணைப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டு, பல வாரங்கள் நீண்ட விசாரணையை ஒரே நாளில் நடப்பதுபோலச் சுருக்கினார். அப்பதிவேடுகளில் ஒரு வினா உண்டு. இறைவனின் அருளில் தான் இருப்பதாக அவள் நம்புகிறாளா என்று கேட்கிறார்கள். ஆம் என்றால் செருக்கு; இல்லை என்றால் குற்ற ஒப்புதல். எழுத்தறியாத அப்பெண், இல்லையாயின் இறைவன் தன்னை அதில் சேர்க்கட்டும், இருப்பின் அதிலேயே காக்கட்டும் என்ற பொருளில் விடை தருகிறாள். கற்றறிந்த நடுவர்கள் திகைக்கும் அக்கணத்தை ஓசையின்றி, முகங்களால் மட்டுமே படம் சொல்கிறது.

1927இல் நடந்த படப்பிடிப்பும் வியப்புக்குரியது. ஹெர்மன் வார்ம் முதலிய கலை இயக்குநர்கள் பெரும் பொருட்செலவில் ஒரு கோட்டையையே எழுப்பினர். படத்திலோ அக்கோட்டை முழுமையாகத் தெரிவதில்லை; திரையெங்கும் முகங்களே. பணம் போட்டவர்களின் மனநிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்! ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாட்டே, தோலின் சுருக்கத்தையும் மருவையும் உள்ளவாறே பதியும் புதுவகைப் படச்சுருளைக் கையாண்டார். நடுவர்களைத் தாழ்வான கோணத்தில் காட்டத் தரையில் குழிகள் தோண்டப்பட்டன. குழிகள் பெருகப் பெருக, படக்குழுவினர் ஒரு பாலாடைக்கட்டியின் பெயரால் டிரையரைக் கேலி செய்தனராம். ஜோனாக நடித்தவர் ஃபால்கொனெத்தி என்னும் நாடக நடிகை. கதை நிகழும் வரிசையிலேயே காட்சிகள் எடுக்கப்பட்டதால், அவருடைய சோர்வும் கதையோடு சேர்ந்தே வளர்ந்தது. முடி கத்தரிக்கப்படும் காட்சியில் நாம் காண்பது அவருடைய சொந்த முடியே.

படம் 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் வெளியாயிற்று. பிரெஞ்சுப் புனிதரின் கதையை, கத்தோலிக்கர் அல்லாத ஓர் அயல்நாட்டார் எடுப்பதா என்ற முணுமுணுப்பு பிரான்சில் முன்பே எழுந்திருந்தது. பாரிஸ் பேராயரும் அரசுத் தணிக்கையாளரும் விரும்பாத பகுதிகள் வெட்டப்பட்ட பின்னரே அங்கு அது திரையிடப்பட்டது. ஆங்கிலேய வீரர்கள் ஜோனை எள்ளும் காட்சிகளுக்காக இங்கிலாந்து படத்தைத் தடைசெய்தது. திறனாய்வாளர் பலர் போற்றினர், வசூலோ கைகொடுக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், பெர்லினில் ஏற்பட்ட தீ விபத்தில் மூலச் சுருள் எரிந்துபோயிற்று. அக்காலச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. பற்றினால் அணைப்பது அரிது.

டிரையர் மனம் தளரவில்லை. ஒரே காட்சியைப் பலமுறை எடுத்திருந்தார் அல்லவா? அவற்றுள் தாம் வேண்டாமென ஒதுக்கியவற்றைத் தேடி எடுத்து, முதல் வடிவத்தைப் போன்றே இரண்டாம் வடிவம் ஒன்றைத் தொகுத்தார். அதுவும் மறு ஆண்டே தீக்கு இரையானதாகக் கருதப்பட்டது. பின்னர், 1950களின் தொடக்கத்தில், லோ துக்கா என்பவர் அதன் சுருள் ஒன்றைக் கண்டெடுத்து, பழைய ஐரோப்பிய இசையைச் சேர்த்து வெளியிட்டார். அதனை டிரையர் ஏற்கவில்லை. உலகம் பல்லாண்டுகள் பார்த்ததோ அதையே. கல்லூரி நாளில் நான் பார்த்ததும் அதுதான்.

1981இல், நார்வேயின் ஒஸ்லோ நகருக்கு அருகில் உள்ள ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் சில படச்சுருள் பெட்டிகள் கிடைத்தன. அவற்றுள் இருந்தது வெட்டுப்படாத முதல் வடிவம். டேனிஷ் மொழி எழுத்தட்டைகளோடு அப்படியே இருந்தது. ஃபால்கொனெத்தி 1946இலேயே மறைந்துவிட்டார். டிரையர் இறந்தது 1968இல்.

மீட்கப்பட்ட அந்தப் படத்தை, நரை தோன்றிய பின்னர் குறுந்தகட்டில் கண்டேன். ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டேன். ஒரு காட்சியில் ஈ ஒன்று ஃபால்கொனெத்தியின் முகத்தில் வந்து அமர்கிறது. டிரையர் அதனை நீக்கவில்லை. சற்று நேரத்தில் அவர் கண்கள் நிறைந்தன. நான் அறிந்த கண்கள்தாம். ஆனால் இளமையில் என்னை அழவைத்தது டிரையர் ஒதுக்கிவைத்த கண்ணீர். இது அவர் தேர்ந்தெடுத்தது. எது சிறந்தது என்று ஒப்பிட முயன்றேன். பழையது நினைவில் சரியாக நிற்கவில்லை. படத்தைப் பின்னோக்கிச் செலுத்தி, அக்காட்சியை மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.